கொம்புப் பவளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில் பதினேழு கற்கள். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, அந்தப் பெட்டியைப் பார்க்க வராத பிள்ளைகள் எங்கள் தெருவில் இல்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க வருகிற பெரியவர்களும் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். வாயால் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது, ஆகவே எழுதிவைக்கிறேன்.

சார், இது மாட்டுக் கொம்பா?

முதல் தட்டில் இருக்கும் கல்லைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். கட்டைவிரல் நீளம், ஒரு முனை கூர்மை, மறுமுனையில் சிறு குழி, நடுவே ஒரு வளைவு. கன்றுக்குட்டியின் கொம்பு என்றே தோன்றும். ஆனால் இது ஒரு கடல் உயிரி கட்டிக்கொண்டு, பிறகு கல்லாகிப்போன சுண்ணாம்புக் கூடு. கொம்புப் பவளம் என்று சொல்வது இதைத்தான். அந்த உயிரி மேல்முனைக் குழியில் உட்கார்ந்திருந்தது. மெத்தென்ற உடல், நடுவில் வாய், வாயைச் சுற்றி இரை பிடிக்கும் உணர்கொம்புகள். இன்றைய கடற்சாமந்தியும் ஜெல்லி மீனும் அதற்கு உறவு. உடலின் அடிப்பக்கத்தால் சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து, தன்னை மேலே தூக்கிக்கொண்டே போனது. கூர்முனை அதன் குழந்தைப் பருவம். குழியின் விளிம்பு அது இறந்த நாள்.

இந்தக் குலத்துக்கு ருகோசா என்று பெயர். லத்தீனில் சுருக்கம் விழுந்தது என்று பொருள். கல்லின் வெளிப்பக்கத்தை நகத்தால் வருடினால் அந்தச் சுருக்கங்கள் தட்டுப்படும். ஆர்டோவிசியன் காலத்தின் நடுப்பகுதியில், ஏறக்குறைய 460 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் இவை தோன்றின. பெர்மியன் காலத்தின் முடிவில், 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்தன.

ஜோதிடர் மோதிரத்தில் பதிக்கச் சொல்லும் பவளம் இதுதானா?

இல்லை. நவரத்தினத்தில் சேரும் செம்பவளம் இன்றும் கடலில் வாழ்கிறது. மத்தியதரைக் கடல் அதற்குப் பேர்போனது. அதன் உயிரிக்கு எட்டு உணர்கொம்புகள். பவளக் குடும்பத்தின் வேறொரு கிளை அது. என் பெட்டியில் உள்ளவற்றுக்கு நகைக்கடையில் ஒரு வெள்ளிகூடக் கொடுக்கமாட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளையை நான் எளிதில் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

கோயிலில் எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே வெட்டியதும் நடுவிலிருந்து கதிர்போல் சுவர்கள் விரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொம்புப் பவளத்தைக் குறுக்கே அறுத்தால் அப்படித்தான் தெரியும். வெளிச்சுவரிலிருந்து நடுவை நோக்கி நீளும் அந்தச் சுண்ணாம்புச் சுவர்களைத் தடுப்புகள் என்று சொல்கிறேன். நீளமான ஒரு பெருந்தடுப்பு, அடுத்து விளிம்போடு நின்றுவிடும் ஒரு சிறுதடுப்பு, மறுபடி பெருந்தடுப்பு என்று மாறி மாறி வரும். உயிரியின் மெல்லிய உடல் இந்தத் தடுப்புகளின் மேல் மடிந்து படிந்திருந்தது.

இனி அதே கொம்பை நெடுக்காக அறுங்கள். இப்போது மூங்கிலைப் பிளந்ததுபோல் இருக்கும். கணுவுக்குக் கணு ஒரு குறுக்குத் தளம். உயிரி வளர்ந்து மேலே ஏறும்போது, விட்டுவந்த பழைய இடத்தை ஒரு தட்டுப் போட்டு மூடிவிட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கொம்பின் பெரும்பகுதி காலி வீடு. குடியிருப்பு மேல்மாடியில் மட்டும்.

சுவர் ஓரமாகப் பார்த்தால் தட்டையான தளங்களுக்குப் பதில் சோப்பு நுரைபோல் வளைந்த சிறுசிறு தகடுகள் அடுக்கியிருக்கும். இவற்றைக் குமிழ்த்தட்டு என்பேன். சிலவற்றில் குமிழ்த்தட்டே கிடையாது. சிஸ்டிஃபில்லம் என்ற இனத்தில் கூடு முழுக்கவே குமிழ்த்தட்டுதான். தடுப்புகளைத் தேட வேண்டியிருக்கும். வேறு சிலவற்றில் நட்டநடுவே ஒரு தண்டு நிற்கும். இவையெல்லாவற்றையும் போர்த்தியிருப்பது சுருக்கம் விழுந்த புறவோடு.

தடுப்பு, தளம், குமிழ்த்தட்டு, நடுத்தண்டு, புறவோடு. இந்த ஐந்தையும் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் கையில் உள்ளது எந்த இனத்தின் பக்கம் சேரும் என்று யோசிக்கத் தொடங்கலாம். வெளி உருவத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். உறவே இல்லாத இனங்கள் ஒரே மாதிரிக் கொம்பாக வளர்ந்திருக்கின்றன.

தடுப்புகளின் கணக்கை நான்கு என்றும் ஆறு என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறீர்களே, எது சரி?

இரண்டும் சரி. வகைப்பாட்டின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

கொம்பின் கூர்முனையில், உயிரி மிகச் சிறியதாக இருந்தபோது, முதலில் ஒரே ஒரு சுவர் கூட்டின் குறுக்கே எழும்புகிறது. அது இரண்டாகப் பிரிந்து ஒரு பக்கம் முதன்மைத் தடுப்பாகவும் நேர் எதிரே எதிர்த்தடுப்பாகவும் ஆகிறது. பிறகு முதன்மைத் தடுப்பின் இருபுறமும் இரண்டு சிறகுத் தடுப்புகள். அடுத்து எதிர்த்தடுப்பின் இருபுறமும் இரண்டு. மொத்தம் ஆறு. இதுவரைக்கும் இன்றைய பவளத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

அதன் பிறகுதான் வழி பிரிகிறது. ஆறு தடுப்புகளுக்கு இடையே ஆறு இடைவெளிகள் உண்டு அல்லவா? இன்றைய பவளம் ஆறு இடைவெளியிலும் புதிய தடுப்புகளை எழுப்பும். ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று வட்டம் முழுதும் சீராக நிரம்பும். ருகோசாவோ நான்கு இடைவெளிகளில் மட்டும் பெருந்தடுப்புகளைச் சேர்க்கும்: முதன்மைத் தடுப்பின் இருபக்கமும், சிறகுத் தடுப்புகளை ஒட்டி எதிர்த்தடுப்பு இருக்கும் பக்கமும். எதிர்த்தடுப்புக்கும் அதன் இரண்டு தோழர்களுக்கும் இடையில் உள்ள இடைவெளிகள் அப்படியே நின்றுவிடும். இதனால் கூடு நான்கு கால்வட்டங்களாகப் பிரிந்து, முகத்தைப்போல் இடமும் வலமும் ஒத்திருக்கும். முதன்மைத் தடுப்பு பல இனங்களில் குட்டையாகிவிடுவதால் அங்கே ஒரு பள்ளம் விழும். கல்லைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான். அது கிடைத்தால் எது முன், எது பின் என்று தெரிந்துவிடும்.

பழைய நூல்களில் இவற்றுக்கு நாற்பவளம் என்ற பொருளில் டெட்ராகொராலா என்று பெயர் இருப்பதற்குக் காரணம் இந்த நான்கு கால்வட்டங்கள்தாம்.

அறுத்துப் பார்க்கலாமா?

அறுக்கலாம். ஆனால் நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

பெட்டியில் மூன்றாவது கல் பாதியாகக் கிடக்கிறது. கம்பார் பக்கம் ஈய லம்பத்தில், அதாவது சுரங்கத்தில், வேலை செய்த என் பெரியப்பா 1970-களில் கொண்டுவந்த கல் அது. லயத்து வீட்டில் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்தார்கள். ஒருநாள் பெரியம்மா வாசலைக் கழுவிவிட்டபோது தண்ணீர் பட்ட இடத்தில் ஒரு பூ தெரிந்தது. சாம்பல் நிறக் கல்லில் வெள்ளைக் கோடுகளாக, எண்ணிப் பார்த்தால் முப்பத்தெட்டு இதழ்கள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கல் என் கைக்கு வந்ததும், பூவை நன்றாகப் பார்க்கும் ஆசையில் ஒரு பட்டறையில் கொடுத்து அரைக்கச் சொன்னேன். அளவும் குறிக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அரைத்துக் கொடுத்த பக்கம் கூர்முனைப் பக்கம். முதல் ஆறு தடுப்புகள் எந்த வரிசையில் எழுந்தன என்பது எழுதியிருந்த இடமே தூளாகப் போய்விட்டது. மீதிப் பாதியில் பூ அழகாகத்தான் இருக்கிறது. அதன் இனம் என்ன என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முறை இதுதான். முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். கிடைத்த இடத்தைக் காகிதத்தில் எழுதிக் கல்லோடு வையுங்கள். அறுத்த முகத்தை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, நீர்த்த அமிலத்தில் சில நொடிகள் நனைத்துக் கழுவி உலர்த்துவார்கள். பிறகு அசிட்டோனை ஊற்றி, அதன்மேல் மெல்லிய அசிட்டேட் தாளைப் படியவைப்பார்கள். காய்ந்ததும் உரித்தால் தடுப்புகளின் அச்சு முழுவதும் தாளில் வந்துவிடும். அதன் பிறகு கொஞ்சம் தேய்த்து, மறுபடி ஒரு தாள். இப்படிக் கூர்முனையிலிருந்து மேல்முனைக் குழிவரை அடுத்தடுத்து எடுத்த தாள்களை அடுக்கினால், ஓர் உயிரி பிறந்து வளர்ந்த கதை பக்கம் பக்கமாகக் கிடைக்கும். அமிலமும் அசிட்டோனும் பிள்ளைகள் கையாள வேண்டியவை அல்ல. பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு மட்டும்.

ஏன் வளைந்திருக்கிறது?

பெரும்பாலான ஒற்றைக் கொம்புகள் பாறையில் உறுதியாக ஒட்டிக்கொண்டு வாழவில்லை. மென்மையான கடல்சேற்றில் நுனியை ஊன்றியோ சாய்ந்தோ கிடந்தன. நீரோட்டம் தள்ளிவிட்டால் விழும். விழுந்த பிறகு வாயை மறுபடி மேல்நோக்கித் திருப்பி வளரும். காற்றில் சாய்ந்த வாழைக்கன்று நிமிர்வதைப்போல. இரண்டு மூன்று முறை விழுந்து எழுந்த கொம்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைத்தான் அதிகம் பிடிக்கிறது.

அதன் வயதைச் சுருக்கங்களை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். அதைவிடப் பெரிய செய்தி ஒன்றும் அதிலிருந்து வெளிவந்தது.

கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டிய பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாள் வெட்டும் ஒரு கோடாக நிற்கும். பட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தே எத்தனை நாள் வெட்டு என்று தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் சொல்லிவிடுவார். புறவோட்டிலும் அப்படித்தான். பெரிய சுருக்கங்களுக்கு இடையில், தலைமயிர் போன்ற நுண்கோடுகள் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு கோடு. ஆண்டுக்கு ஒருமுறை வளர்ச்சி மாறுவதால் ஆண்டின் எல்லையும் தெரியும்.

ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஏறக்குறைய 419 முதல் 359 மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலத்துப் பவளங்களில் ஓர் ஆண்டுக்குள் எத்தனை கோடுகள் என்று எண்ணினார். ஏறக்குறைய 400 வந்தது. 1963-ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். அப்படியானால் அன்றைய ஓர் ஆண்டில் 400 நாள்கள். பூமி சூரியனைச் சுற்றும் காலம் மாறவில்லை. ஆகவே ஒரு நாள் ஏறக்குறைய 22 மணி நேரம்தான் இருந்திருக்க வேண்டும். நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதங்கள் பூமியின் சுழற்சியைச் சிறிது சிறிதாக மெதுவாக்கிக்கொண்டே வருகின்றன என்று வானியலார் கணக்கிட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு சரிதான் என்று கடலடியில் கிடந்த ஒரு கொம்பு சாட்சி சொன்னது. முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பறை முழுதும் அமைதியாகிப் போகும் இடம் இதுதான்.

எல்லாப் பழம்பவளமும் கொம்புதானா?

இல்லை. ருகோசாவிலேயே கூட்டமாக வாழ்ந்தவை உண்டு. ஹெக்சகோனேரியா என்ற இனத்தின் கூடுகள் ஒன்றையொன்று நெருக்கி அறுகோணக் கட்டங்களாக நிற்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் இந்தப் பவளம் அடங்கிய கல்லை 1965-இல் தன் மாநிலக் கல்லாகவே அறிவித்தது.

ருகோசாவோடு அதே கடல்களில் வாழ்ந்து, அதே பெர்மியன் முடிவுக்குள் அழிந்த இன்னொரு குலம் டாபுலேட்டா. இவை எப்போதும் கூட்டமாகவே வாழ்ந்தன. குழாய்கள் சிறியவை, தடுப்புகள் இருக்காது, அல்லது முள்போல் தேய்ந்திருக்கும். குறுக்குத் தளங்கள் மட்டும் நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஃபேவோசைட்டஸ் அப்படியே தேனடை. பக்கத்துக் குழாய்களை இணைக்கும் நுண்துளைகள் அதன் சுவரில் இருக்கும். ஹாலிசைட்டஸ் சங்கிலி கோத்ததுபோல் வளரும். டெவோனியனுக்கு முந்தைய சிலூரியன் காலத்தோடு அது முடிந்துவிட்டது. ஆகவே பாறையில் அந்தச் சங்கிலியைக் கண்டால் பாறையின் வயதும் ஓரளவு தெரிந்துவிடும்.

யார் இப்படிப் பிரித்தது? இந்தப் பிரிவு மாறாதா?

ருகோசா, டாபுலேட்டா என்ற இரண்டு பெயர்களையும் 1850-இல் வைத்தவர்கள் மில்ன்-எட்வர்ட்ஸ், ஹைம் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியவர் டோரதி ஹில் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியரான முதல் பெண் அவரே. பேரினம் பேரினமாக அவர் தொகுத்த விளக்கங்கள் 1956-இலும், பெரிதும் விரிவாக்கப்பட்டு 1981-இலும் வெளிவந்தன. எங்கள் தெருப் பெண்பிள்ளைகளிடம் இந்தப் பெயரை நான் இரண்டு முறை சொல்வேன்.

பிரிவு மாறும். கலிசியோலா என்ற டெவோனியன் கால உயிரி செருப்பின் முன்பகுதி போன்ற வடிவமும் மேலே ஒரு மூடியும் கொண்டது. மூடியைக் கண்டு அதைச் சிப்பி வகை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். உள்ளே தடுப்புகளின் அமைப்பைப் பார்த்த பிறகு ருகோசாவில் சேர்த்தார்கள். கேட்டெட்டஸ் என்பதோ எதிர்த்திசையில் போனது. மெல்லிய குழாய்கள், குறுக்குத் தளங்கள் என்று எல்லாம் பொருந்தியதால் டாபுலேட்டாவில் வைத்திருந்தார்கள். பின்னர் அதே மாதிரிச் சுண்ணாம்புக் கூடு கட்டும் கடற்பஞ்சுகள் ஜமைக்காவின் கடலடிக் குகைகளில் உயிரோடு கிடைத்தன. புதைபடிவத்திலும் கடற்பஞ்சுக்கே உரிய நுண்முள்கள் தெரிந்தன. இன்று அது பவளமே இல்லை, கடற்பஞ்சு.

அரியலூரில் எடுத்த பவளம் என்று உறவினர் ஒருவர் கொடுத்தார். அது ருகோசாவா?

வாய்ப்பே இல்லை. அரியலூர்ப் பாறைகள் கிரெடேசியஸ் காலத்தவை. அதற்கு நூறு மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல் முன்பே ருகோசா மறைந்துவிட்டது. உங்களிடம் இருப்பது பவளம்தான் என்றால், இன்றைய கற்பவளங்களின் மூதாதையாக இருக்கும்.

போர்ட் டிக்சன் கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைத் துண்டு?

அது இன்றைய பவளம். ஸ்க்ளராக்டினியா என்ற குலம். உருப்பெருக்கியில் பார்த்தால் தடுப்புகள் ஆறின் மடங்காக வட்டமாக நிற்கும். கூடு கட்டிய பொருளிலும் வேறுபாடு உண்டு: இவை கட்டுவது அரகோனைட், ருகோசா கட்டியது கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், படிக அமைப்பு வேறு. அரகோனைட் காலப்போக்கில் எளிதில் உருமாறிவிடும். கால்சைட் அப்படியே தாங்கும். இத்தனை மில்லியன் ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் ருகோசாவின் நுண்கோடுகளை எண்ண முடிகிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் இன்றைய பவளம் ருகோசாவின் வாரிசு இல்லையா?

நேர் வாரிசு இல்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. பெர்மியன் முடிவில் சைபீரியாவில் பெருமளவில் எரிமலைக் குழம்பு பொங்கியது. கடல் சூடேறியது, ஆக்சிஜன் குறைந்தது, கடல்நீரின் அமிலத்தன்மை கூடியது. கடல் உயிரினங்களில் மிகப் பெரும்பகுதி அப்போது அழிந்தது. அதன் பிறகு ஏறக்குறைய பத்து மில்லியன் ஆண்டுகளுக்குப் பாறைகளில் கற்பவளமே இல்லை. டிரயாசிக் காலத்தின் நடுவில் ஸ்க்ளராக்டினியா தோன்றியபோது பொருளும் வேறு, தடுப்பு எழுப்பும் முறையும் வேறு. கூடு கட்டாத, கடற்சாமந்தி போன்ற மெல்லுடல் உயிரிகளிலிருந்து அவை வந்திருக்கலாம். ஸ்காட்லாந்தின் ஆர்டோவிசியன் பாறையில் கிடைத்த கில்புக்கோஃபில்லியா என்ற பவளத்தில் தடுப்புகள் இன்றைய முறையிலேயே எழுந்திருக்கின்றன. ஆறிடத்தில் சேர்க்கும் வழக்கம் அவ்வளவு பழையது என்பது என்னை இன்னும் வியக்கவைக்கிறது.

நம் ஊர்ச் சுண்ணாம்பு மலைகளில் இது கிடைக்குமா?

ஈப்போவுக்குப் போகும் வழியில் செங்குத்தாக நிற்கும் வெள்ளை மலைகள் எல்லாம் பழைய கடலடிதான். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகளில் டெவோனியன் முதல் பெர்மியன்வரையான காலங்களின் படிவுகள் உள்ளன. ருகோசாவும் டாபுலேட்டாவும் வாழ்ந்த காலம் அதுவே. ஆனால் மலையில் ஏறி உடனே பூப்பூவாகப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். பின்னாளில் கீழிருந்து எழுந்த கருங்கல் குழம்பின் வெப்பம் பெரும்பாலான சுண்ணாம்புப் பாறையைப் பளிங்காக மாற்றிவிட்டது. பளிங்கானபோது உள்ளிருந்த கூடுகளும் கரைந்து உருத்தெரியாமல் போயின. பேராக்குக்கு ஈயம் தந்ததும் அதே கருங்கல்தான். நம் முன்னோர் இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குக் காரணமாக இருந்த செல்வமும், இந்தக் கடலின் நினைவை அழித்த வெப்பமும் ஓரிடத்திலிருந்து வந்தவை.

எங்கும் அழிந்துவிடவில்லை. கம்பாருக்கு மேற்கே ஈயத்துக்காக மேல்மண்ணை நீரால் அடித்துக் கழுவியபோது அடியில் கூரிய சுண்ணாம்புப் பாறைகள் வெளிப்பட்டன. அவற்றில் புதைபடிவங்கள் தப்பியிருந்தன. டி. சுந்தரலிங்கம் என்ற புவியியலாளர் அந்தப் பகுதியின் பாறை அடுக்குகளைப் பிரித்து 1968-இல் எழுதினார். தாய் ஓன், குவான் ஓன், நாம் லூங், எச். எஸ். லீ என்று அடுக்குகளுக்கு வழங்கும் பெயர்கள் அங்கிருந்த சுரங்கங்களின் பெயர்கள். சுரங்கங்கள் மூடிய பிறகு குழிகளில் தண்ணீர் நின்று ஏரிகளாகிவிட்டன. என் பெரியப்பாவின் கல் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று கேட்டுவைக்காமல் போனேன். அவரும் இப்போது இல்லை.

கல் உடைக்கும் குவாரிக்குள் அனுமதியில்லாமல் போகாதீர்கள். மழைக்குப் பிறகு மலையடியில் நிற்காதீர்கள். பார்க்க ஆசைப்படுபவர்கள் ஈப்போவில் உள்ள புவியியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

பூஜை அறையில் வைக்கலாமா?

வைக்கலாம், தடையில்லை. சாளக்கிராமமும் கடல் உயிரியின் புதைபடிவம்தான். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட். ஒரு வேண்டுகோள் மட்டும்: குங்குமமும் எண்ணெயும் தடவாதீர்கள். நுண்கோடுகள் அடைபட்டுவிடும்.

கருவி எதுவும் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லை முக்கி எடுத்து, வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் வாசலில் பிடியுங்கள். ஈரத்தில் தடுப்புகள் வெள்ளையாகத் தெளியும். முதலில் பள்ளத்தைத் தேடி, அதை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, அங்கிருந்து வலப்பக்கமாகப் பெருந்தடுப்புகளை மட்டும் எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கல் காய்ந்துவிடும். மறுபடி முக்குங்கள்.